ஓகஸ்டில் தியலும வேண்டாம். அப்போ எங்கே போவது?

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கலியாணம் முடிந்து சில மாதம் ஆகிறதாம். ஓகஸ்டில் இருவருக்கும் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைக்கும். மனைவி போனில் படம் பார்த்து ஆசைப்பட்ட தியலும நீர்வீழ்ச்சிக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். எப்படிப் போவது, எங்கே தங்குவது, உச்சியில் இருக்கும் தண்ணீர்க் குழிகளில் குளிக்கலாமா என்பது கேள்வி.

தம்பி, முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்டில் தியலுமவுக்குப் போகாதீர்கள். 220 மீற்றர் உயரமான கற்சுவர் ஒன்றையும், அதில் ஓரமாக வழிகிற கொஞ்சத் தண்ணீரையும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். படத்தில் பார்த்தது வேறு, வந்து பார்த்தது வேறு என்று தங்கச்சியின் முகம் வாடிப்போகும். இவ்வளவு தூரம் போவதென்றால் ஒன்று மாதத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீர்வீழ்ச்சியை மாற்றுங்கள். இரண்டுக்கும் வழி சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு லேசில் பிடிபடாது, அதற்குக் காரணமும் இருக்கிறது. நமக்கு ஆறு கிடையாது. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். பெய்கிற மழை ஓடத் தொடங்குவதற்கு முன்பே வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிவிடும். வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் சேர்கிறது. நிலமோ ஒரே சமதரை. ஆகவே விழுகிற தண்ணீரை நாங்கள் படத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தை எந்த மாதத்தில் எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மழைக்காலம் என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. நாடு முழுக்க அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். மலைநாட்டில் கதை வேறு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நம்மூரில் சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும், தரை காயும், புழுதி பறக்கும். அதே காற்றுத்தான் இந்துசமுத்திரத்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மழையாகக் கொட்டுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்யும். நமக்குக் கிடைப்பது அதில் கால்வாசி அளவுதான்.

மேற்கில் கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் இருக்காது. வெலிமடை, பண்டாரவளை, பதுளை எல்லாம் ஆடி, ஆவணியில் புல் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும். மட்டக்களப்பில் கச்சான் காற்று என்று சொல்லி வெக்கையில் புழுங்குவார்களே, அது இதே காற்றின் தொடர்ச்சிதான். நான் பண்டாரவளையில் வேலை பார்த்த காலத்தில் ஓகஸ்ட் மாதம் காலையில் உதடு வெடிக்கிற அளவுக்குக் காற்று வரண்டிருக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறுவதும் அந்த மாதங்களில்தான். அந்தக் கொழுந்துக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். அதே நாட்களில் அருவிகள் இளைத்துப் போயிருக்கும்.

தியலும இருப்பது அந்தப் பக்கம். கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில், மலைநாட்டின் தென் விளிம்பிலிருந்து பூனாகலை ஓயா கீழே குதிக்கிற இடம். அதற்கு மழை கொண்டுவருவது ஐப்பசி, கார்த்திகை மழையும், பின்னால் வருகிற வாடை என்கிற வடகிழக்குக் காற்றும். அதாவது நம்மூர் நனைகிற காலத்தில்தான் தியலுமவும் நிறையும். நம்மூர்க் கிணறு வற்றினால் தியலுமவும் வற்றியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே கணக்குப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, லீவை மாற்ற முடியாது, ஓகஸ்ட்தான் என்றால் என்ன செய்யலாம்? மேற்குச் சரிவுக்குப் போங்கள். அந்த மாதம் அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நான்கு நாளுக்கு நல்ல ஒரு சுற்று இருக்கிறது.

விடியப் புறப்பட்டு ஏ-9 வீதியால் முறிகண்டியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போய்ச் சேருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை 320 கிலோமீற்றர் அளவு. அன்றைக்கு வேறொன்றும் வேண்டாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, கண்டியில் படுத்துவிடுங்கள். இரவோடு இரவாக நுவரெலியா ஏறிவிடலாம் என்று சாரதி சொன்னாலும் கேட்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் கண்டியிலிருந்து நுவரெலியா வீதியில் ஏறினால் றம்பொடை வரும். 109 மீற்றர், பல படிகளாக விழுகிறது. இதற்கு இரண்டு பருவக்காற்றிலும் பங்கு கிடைப்பதால் அனேகமாக எப்போதும் தண்ணீர் இருக்கும். பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் இறங்கிக் கொஞ்சம் நடவுங்கள். அருகிலேயே மலைமேல் ஆஞ்சநேயர் கோவில் இருக்கிறது. அந்த முற்றத்தில் நின்றால் கொத்மலை நீர்த்தேக்கம் வரைக்கும் பள்ளத்தாக்கு விரிந்து கிடப்பது தெரியும். மாலையில் நுவரெலியா. ஓகஸ்டில் அங்கே மழையும் குளிரும் கூடவே வரும். சுவெற்றர் இல்லாமல் போகாதீர்கள். நேரம் மிஞ்சினால் சீதாஎலிய கோவிலுக்கும் போகலாம்.

மூன்றாம் நாள்தான் இந்தச் சுற்றில் முக்கியமானது. நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை வழியாக அட்டன் போகும் வீதியில் சென். கிளேயர்ஸ், டெவன் இரண்டும் வீதியிலிருந்தே தெரியும். சென். கிளேயர்ஸ் 80 மீற்றர் உயரம், ஆனால் அகலத்தில் அதற்கு இங்கே இணை குறைவு. ஒரு காலத்தில் அது விழுந்த விழுகையைப் பார்த்தவர்களுக்கு இப்போது பார்த்தால் மனம் கசக்கும். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஆற்றுத் தண்ணீரின் பெரும்பகுதி சுரங்கக் குழாய்க்குள் போகிறது. மக்கள் போராடியதன் பலனாக, பார்வைக்கென்று பகலில் ஓரளவு தண்ணீர் விடுகிறார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஆற்றுக்கும் அதைப் பார்த்தே வளர்ந்த தோட்டத்துச் சனத்துக்கும் போனது போனதுதான். நல்ல மழைநாளில் அணை நிறைந்து வழிந்தால் பழைய அழகைக் கொஞ்சம் காணலாம். ஓகஸ்டில் அந்த வாய்ப்பு உண்டு.

டெவன் 97 மீற்றர். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துத் தோட்டத் துரை ஒருவரின் பெயர் அதற்கு. எதிர்ப்பக்க வீதியோரத்திலிருந்து பார்க்கத்தான் அது அழகு. நடுவில் பள்ளத்தாக்கு, சுற்றிலும் தேயிலை. மூடுபனி வந்து மறைத்துவிட்டால் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுத்தால் விலகும், திரும்ப மூடும், திரும்ப விலகும். சோடியாகப் போகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பே நல்லது.

அன்றிரவு அட்டனில் தங்கிவிட்டு, நான்காம் நாள் கினிகத்தேனைக்கு இறங்கி அபர்டீன் பார்க்கலாம். 98 மீற்றர். வாகனத்தை மேலே விட்டுவிட்டுப் படிகளில் இறங்கி நடக்க வேண்டும். ஓகஸ்டில் அதன் குரல் படியின் பாதியிலேயே கேட்கத் தொடங்கும். பிறகு நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு வந்து வீடு திரும்பலாம். கடைசி நாள் நீளமானது. யாழ்ப்பாணம் வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும் என்றால் வவுனியாவில் தங்குங்கள், அல்லது அபர்டீனை விட்டுவிடுங்கள். அந்தச் சரிவுக்கும் நமக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ‘லக்சபான கரண்ட்’ என்று நம்மூர் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த லக்சபான அதே மலைச்சரிவில்தான் இருக்கிறது. மின்நிலையம் 1950இல் தொடங்கியது.

இது ஓகஸ்ட் கதை. ஆனால் தங்கச்சி ஆசைப்பட்டது தியலும. அதைக் காட்டுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். முடிந்தால் லீவைத் தைப்பொங்கலுக்குப் பின்னால் தள்ளுங்கள். தை நடுப்பகுதி, ஆங்கில மாதக் கணக்கில் ஜனவரி பிற்பாதி. பெருமழை ஓய்ந்திருக்கும், ஆனால் மலை குடித்த தண்ணீர் ஊறி ஓடையில் வந்துகொண்டேயிருக்கும். வானம் வெளிக்கும். தியலும முழு உடம்போடு இருக்கும், வீதியும் ஓரளவு காய்ந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் இன்னும் அதிகம்தானே, அப்போது போனால் என்ன என்று கேட்கலாம். அதிகம்தான். ஆனால் அருவியை நிறைக்கிற அதே மழை மலையையும் இளக்கும். தியலுமவிலிருந்து சற்றுத் தூரத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. வேலைக்குப் புறப்பட்டவர்களும் பள்ளிக்கூடம் போனவர்களும் திரும்பி வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் சேற்றைத்தான் பார்த்தார்கள். அப்புத்தளைப் பக்கமிருந்து தியலுமவுக்குப் போகிறவர்கள் அந்த ஊரின் அருகால்தான் போகிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். வீதிகளும் ரெயில் பாதையும் பல இடங்களில் அறுந்து போயின. ஆகவே புறப்படுவதற்கு முன் எந்த வீதி திறந்திருக்கிறது, பதுளை ரெயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரிக்காமல் இறங்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டவாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தும் கேட்கலாம். தங்கப்போகிற இடத்துக்காரருக்கு ஒரு கோல் எடுத்தால் அதைவிட உறுதியான தகவல் கிடைக்கும்.

தைப் பயணத்துக்கு அப்புத்தளையில் தங்குங்கள். எல்ல ஊரில் தங்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். அங்கே வெளிநாட்டவர் கூட்டமும் விலையும் அதிகம், தியலுமவுக்குத் தூரமும் கூடுதல். அப்புத்தளை ஒரு மலை விளிம்பில் நிற்கிற சின்ன ஊர். தமிழ்ச் சனம் நிறைய, கோவில் இருக்கிறது, சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. விடியற்காலையில் தெற்கே பார்த்தால் மலை திடீரென்று முடிந்து, கீழே தாழ்நிலம் கடல் பக்கம் வரைக்கும் விரிந்து கிடப்பது தெரியும்.

அந்த விளிம்புதான் விஷயம். மலைநாட்டின் தென்பக்கம் ஒரு சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. அந்தச் சுவரின் மேலிருந்து கீழே வர வேண்டிய ஓடைகளுக்கு வளைந்து நெளிந்து இறங்க இடமில்லை, குதிக்கத்தான் வேண்டும். நாட்டின் மிக உயரமான பம்பரகந்தையும் (263 மீற்றர்), அடுத்த உயரமான தியலுமவும் ஒரே விளிம்பில் அமைந்தது இதனால்தான். அப்புத்தளையிலிருந்து கீழே இறங்கினால் பெரகல சந்தி வரும். அங்கிருந்து மேற்கே ஹல்துமுல்ல வழியாகக் கலுபஹன போனால் பம்பரகந்தை. கிழக்கே கொஸ்லந்தை வழியாகப் போனால் தியலும. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். அப்புத்தளையை நான் சொன்னதற்கு இதுவே முதல் காரணம்.

பம்பரகந்தைக்குப் பிரதான வீதியிலிருந்து பிரிந்து சில கிலோமீற்றர் ஒடுங்கிய பாதையில் ஏற வேண்டும். பெரிய வான் கஷ்டப்படும், சந்தியில் ஓட்டோ பிடிப்பது நல்லது. பைன் மரங்களுக்கு நடுவில் ஒற்றைக் கம்பியாக விழும். உயரத்தில் அதுதான் முதலாவது, ஆனால் எனக்குப் பிடித்தது தியலுமதான். தண்ணீரின் பருமனும் அது விழுகிற பாறையின் அகலமும் சேர்ந்து தியலுமவுக்கு ஒரு பெரும்தோற்றத்தைக் கொடுக்கிறது.

தியலுமவின் அடிவாரம் பிரதான வீதியிலேயே இருக்கிறது. பாலத்தடியில் இறங்கினால் போதும். சிறு கடைகள், குரங்குகள், வந்துபோகிற வாகனச் சத்தம். வந்த வேகத்தில் ஒரு செல்பி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். வீதியிலிருந்து கொஞ்சம் விலகி ஒரு கல்லில் இரண்டு பேரும் உட்காருங்கள். உச்சியில், பாறை விளிம்பைத் தாண்டி வெளியே வருகிற தண்ணீரில் ஒரு திரளைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அதையே விடாமல் கீழே வரைக்கும் தொடர்ந்து பாருங்கள். முதலில் வெள்ளைக் கட்டியாக வரும். பாறையில் பட்டுச் சிதறும், பிறகு ஓரங்கள் பிய்ந்து இழை இழையாகும், பாதி வழியில் காற்று வந்து ஒரு பக்கம் தள்ளும், அடியை நெருங்கும்போது அது தண்ணீரா புகையா என்று தெரியாது. அதற்குள் மேலே அடுத்த திரள் புறப்பட்டிருக்கும். பார்க்கப் பார்க்க அருவி விழுகிற வேகம் குறைந்துவிட்ட மாதிரித் தோன்றும். தூரத்தில் உயரமான ஒன்று விழும்போது கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். காற்று திசை மாறுகிற நேரம் அருவி முழுவதுமே ஒரு பக்கம் சாய்ந்து, பின்னால் இருக்கிற கரும்பாறை ஈரமாக மின்னுவது தெரியும். இதையெல்லாம் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும்.

உச்சிக்குப் போவதென்றால் கொஸ்லந்தைப் பக்கமாக மேலே ஏறும் பாதையில் ஓட்டோவில் போய், அங்கிருந்து அரை, முக்கால் மணி நேரம் நடக்கலாம். அடிவாரத்திலிருந்து ஏறும் வழியும் உண்டு, அது செங்குத்து. மேலே ஆளுயர மானாப்புல்லுக்குள் பாதை பிரிந்து பிரிந்து போகும். ஊர்ப் பையன் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிப்போங்கள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப்பேர், பேச்சுக்குத் தடை இருக்காது. கூலியை ஏறுவதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள், இறங்கிய பிறகு பேரம் பேச வேண்டாம். காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது. மலையில் மழை வருவதென்றால் பெரும்பாலும் பின்னேரம்தான் வரும்.

இப்போது குளிப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுத வேண்டும், ஏனென்றால் வருடாவருடம் இப்படிப் போய்ப் பிள்ளைகள் சாகிறார்கள். 2023இல் வெல்லவாயவுக்கு அருகே எல்லாவல நீர்வீழ்ச்சியில் கிழக்கிலிருந்து போன நான்கு இளைஞர்கள் ஒரே நாளில் மூழ்கிப் போனார்கள். அது பெரிய உயரமான அருவி கூட இல்லை. பார்த்தால் பயமே வராது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நல்ல நீச்சல்காரர்தான். கீரிமலைக் கேணியில் குதித்து, கசூரினாவிலும் காங்கேசன்துறையிலும் அடித்துப் பழகியவர்கள். ஆனால் கேணித் தண்ணீர் நிற்கிற தண்ணீர், நம்மூர்க் கடல் பெரும்பாலும் ஆழமில்லாத கடல். அருவிக்கு அடியில் இருக்கிற குழி வேறு சாதி. மேலிருந்து விழுகிற தண்ணீர் அடிவரைக்கும் போய்ச் சுழன்று திரும்பும். அந்தச் சுழலுக்குள் அகப்பட்டவரை அது மேலே வரவிடாமல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். தண்ணீரில் காற்றுக் குமிழி கலந்து நுரைத்திருக்கும்போது உடம்பு வழக்கம் போல மிதக்காது. பாறை இடுக்கில் கால் மாட்டும். குளிரில் தசை பிடிக்கும். நீச்சல் தெரியும் என்ற தைரியமே பலரை உள்ளே இறக்கியிருக்கிறது.

அடுத்தது, நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும், ஆனால் மேலே பூனாகலைப் பக்கம் மழை பெய்திருக்கும். அந்தத் தண்ணீர் உங்களிடம் வந்து சேரும்போது எந்த முன்னறிவிப்பும் இருக்காது. தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, இலை சருகு மிதந்து வந்தாலோ, சத்தம் தடித்தாலோ பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் உடனே கரையேறுங்கள். செருப்பு போனால் போகட்டும். மலைநாட்டின் பல ஆறுகளில் மேலே அணையும் இருக்கிறது. கதவு திறந்தால் மழையில்லாத நாளிலும் தண்ணீர் ஏறும்.

தியலும உச்சியில் படிப்படியாகச் சில குழிகள் இருக்கின்றன. வழிகாட்டி காட்டுகிற ஆழமில்லாத குழியில், இடுப்பளவுக்கு உள்ளே, தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில் நனையலாம். விளிம்பை ஒட்டிய குழிக்குப் போகவே கூடாது. அங்கே உட்கார்ந்து கால் தொங்கப்போட்டு எடுத்த படங்கள்தான் போனில் எல்லோருக்கும் வருகின்றன. அந்தப் பாறையில் பாசி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விரலால் தேய்த்துப் பார்த்தால்தான் வழுவழுப்புத் தெரியும். பதினைந்து அங்குலம் சறுக்கினால் போதும், பிறகு 220 மீற்றர். புருஷன் மனைவி ஒருவரையொருவர் படம் எடுக்கும்போது “இன்னும் கொஞ்சம் பின்னால போங்கோ” என்று சொல்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அங்கே அந்த வார்த்தையே வாயில் வரக்கூடாது.

எல்லவிலிருந்து வெல்லவாய போகும் வழியில் இராவணன் நீர்வீழ்ச்சி இருக்கிறது, வீதியோரத்திலேயே. 25 மீற்றர்தான். அழகு உண்டு, ஆனால் அதன் பாறைகள் உயிர் குடித்தவை. வீதியில் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். பதுளைப் பக்கம் இன்னொரு நாள் மிஞ்சினால் துன்ஹிந்தைக்குப் போகலாம். பதுலு ஓயா 64 மீற்றர் விழுகிறது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடைபாதை. தையில் போனால் பார்க்கும் மேடையில் நிற்கும்போதே சாரல் வந்து கண்ணாடியை மறைக்கும், உடுப்பு நனையும்.

இரவில் ஓட வேண்டாம் என்று முன்னே சொன்னதற்குக் காரணம் இந்த வீதிகள். 2025 மே மாதம் றம்பொடைப் பக்கம் கெரண்டிஎல்லவில் ஒரு பஸ்ஸும், செப்டம்பரில் எல்ல-வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ்ஸும் பள்ளத்தில் விழுந்து பல உயிர்கள் போயின. நம்மூர்ச் சாரதிமார் கெட்டிக்காரர்தான். ஆனால் ஆனையிறவிலும் முறிகண்டியிலும் நேர் வீதியில் ஓடிப் பழகியவர்கள். மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். சின்னக் கியரில் போட்டு எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்க வேண்டும். வாடகைக்கு வான் பிடிக்கும்போது “மலை ஓடிப் பழக்கம் இருக்கா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் கண்டி வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து அந்த ஊர் வாகனம் பிடிப்பது மேல்.

ரெயில் ஓடுகிறதென்றால் அதுவும் நல்ல யோசனை. யாழ்தேவியில் கொழும்பு போய் அங்கிருந்து பதுளை ரெயில் எடுத்தால் அப்புத்தளையிலேயே இறங்கலாம். நேரம் அதிகம் போகும், ஆனால் நானுஓயாவுக்குப் பிறகு வருகிற மலைக்காட்சிக்காக அந்த நேரத்தைக் கொடுக்கலாம். ஆசனம் முன்பதிவு செய்யாமல் போனால் கதவடியில் நின்றபடிதான் போக வேண்டியிருக்கும்.

சின்ன விஷயங்கள் சில. அட்டை கடிக்கும், முக்கியமாக ஓகஸ்டில் மேற்குச் சரிவில். சவர்க்காரத்தைக் காலிலும் சொக்ஸிலும் உலரத் தேய்த்துக்கொண்டு, காற்சட்டை நுனியைச் சொக்ஸுக்குள் விட்டுவிட்டால் பாதி தொல்லை போகும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் உப்போ தேசிக்காயோ வையுங்கள், தானாக விழும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை. தங்கச்சி சேலையோடு வெளிக்கிட்டால் மலையேற முடியாது. சுரிதாரும், அடியில் பிடிமானம் உள்ள சப்பாத்தும் போதும். இரண்டு பேரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், தங்குமிடத்தில் கேட்பார்கள். வீட்டில் எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை கட்டித் தந்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள், குளிரில் வயிறு நன்றாகப் பசிக்கும். கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தியலும அடிவாரத்தில் கிடக்கிற பிளாஸ்ரிக் போத்தல்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. வழியெல்லாம் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் நம்மோடு தமிழ் பேசுகிறவர்கள். நாள்சம்பளத்துக்கு நிறை காட்ட வேண்டிய அவசரத்தில் நிற்கிறவர்கள். கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். “என்னக்கா, எப்பிடி இருக்கிறியள்?” என்று நின்று நாலு வார்த்தை பேசுங்கள். எந்தப் பாதை இடிந்து கிடக்கிறது, எந்த ஓடையில் நேற்றுத் தண்ணீர் ஏறியது, எங்கே இறங்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

தம்பி, ஓகஸ்ட் லீவை மாற்ற முடியுமா முடியாதா என்று பதில் எழுதுங்கள். தைக்கு மாற்றுவதென்றால் பொங்கலுக்குப் பிறகு வரும் வாரத்தில் அப்புத்தளை அறையை இப்போதே பிடித்துவிடுங்கள், பொங்கல் லீவோடு சேர்த்து மலைக்கு வருகிற கூட்டம் அதிகம். ஓகஸ்ட்தான் என்றால் கண்டி, நுவரெலியா, அட்டன் மூன்றிலும் ஒவ்வோர் இரவுக்கு அறை பாருங்கள். இரண்டு அடையாள அட்டையோடு இன்னொரு இலக்கத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: அவசர அம்புலன்ஸுக்கு 1990, நாடு முழுக்க இலவசம்.